கூப்பிய கைகளின் நிபந்தனை

இடைக்கால ஐரோப்பாவின் பிரபுத்துவம் என்றதும் அடிபணிதல்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்தப் பணிவுக்குள் ஒரு நிபந்தனை இருந்ததைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது செயல்பட்ட விதத்தை உடனிருந்து எழுதி வைத்தவர் புரூஜ் நகரத்து எழுத்தர் கால்பெர்ட். மெழுகுப் பலகைகளில் குறிப்பெடுத்து எழுதிய மனிதர் அவர்.

1127 மார்ச் 2 அன்று ஃபிளாண்டர்ஸின் கோமகன் சார்லஸ், புரூஜ் தேவாலயத்தில் பிரார்த்தனையில் இருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் செல்வாக்கின் உச்சத்தில் இருந்த எரம்பால்டு குடும்பத்தார். அவர்களது பூர்விகம் அடிமைக் குடியா என்ற விசாரணை கிளம்பியிருந்தது. உழவர்களோடு உழவர்களாகத் தள்ளப்பட்டுவிடுவோம் என்ற அச்சம் வாளெடுக்க வைத்தது.

பிரெஞ்சு மன்னர் ஆறாம் லூயியின் ஆதரவோடு வில்லியம் கிளிட்டோ புதிய கோமகனானார். ஏப்ரல் 7 அன்று, கோமகனுக்குப் பணிந்து மானியம் பெறும் குடிப்படையினர் அவர் முன் வந்தார்கள். முழுமையாகத் தன் ஆளாகச் சம்மதமா என்று கோமகன் கேட்டார். சம்மதம் என்றதும் அவர்களுடைய கூப்பிய கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டார். ஒரு முத்தம். பிறகு புனிதர்களின் எச்சங்கள் மீது சத்தியம். கடைசியாக, கையிலிருந்த கோலால் அவரவர் மானியத்தை உறுதிசெய்தார்.

மானியம் என்பது வயலும் காடும் மட்டுமல்ல; சுங்க வருமானத்தையும் மானியமாகக் கொடுத்தார்கள். கிளிட்டோ சிக்கிக்கொண்டது அங்கேதான். புரூஜ் நகரத்தாருக்குச் சுங்கத்தை விட்டுக்கொடுப்பதாகச் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சுங்கத்தையே மானியமாக அனுபவித்துவந்த வீரர்கள் முறையிட்டதும், அதே ஆண்டில் அதைத் திரும்பக் கேட்டார். ஒரே வருமானத்தை இரு தரப்புக்கும் வாக்களித்த ஆட்சி எத்தனை நாள் நிற்கும்?

1128 பிப்ரவரியில் கெண்ட் நகரில் ஆல்ஸ்டின் பிரபு இவான், கோமகனின் முகத்துக்கு நேரே பேசினார். பிரபுக்களும் குருமாரும் நகரத்தாரும் கூடி வழக்கைத் தீர்க்கட்டும். சத்தியம் மீறியது உண்மையானால் கோமகன் நாட்டை விட்டு விலகட்டும் என்றார். அவர் அந்தக் கோமகனிடமே கை கூப்பி மானியம் பெற்றவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பணிந்ததே கேள்வி கேட்கும் தகுதியை அவருக்குத் தந்தது. கோமகன் ஆயுதபலத்தை நம்பினார். இவான் தரப்பின் தூதர்கள் துரும்பை எறிந்து விசுவாசத்தை முறித்தார்கள். வழக்கப்படி அது செல்லும். ஜூலையில் ஆல்ஸ்ட் முற்றுகையில் பட்ட காயத்தால் கிளிட்டோ இறந்தார். நகரங்கள் ஆதரித்த தியரி கோமகனானார்.

ஆள்பவரின் சத்தியமும் ஆளப்படுபவரின் சத்தியமும் ஒன்றையொன்று கட்டும் என்ற இந்த எண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அது கட்டியது மேலே இருந்தவர்களையும் மதிலுக்குள் வாழ்ந்த நகரத்தாரையும்தான். ஐரோப்பாவின் பல பகுதிகளில் நிலம் மானியமாகக் கைமாறியபோது, அதில் கட்டுண்டு உழுதவரும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறினார். அவரிடம் எவரும் சம்மதமா என்று கேட்கவில்லை. எறிந்துவிட்டுப் போக அவருக்குத் துரும்பும் இல்லை. கோமகனைத் தட்டிக்கேட்ட இவானின் துணிச்சலைப் போற்றும்போதே, ஆல்ஸ்டில் அவருக்கு விளைவித்துக் கொடுத்தவர்கள் அவரை எந்தச் சபையில் நிறுத்திக் கேட்டிருக்க முடியும் என்றும் நாம் கேட்கிறோம்.