இலவச சாப்ட்வேருக்கு யார் பொறுப்பு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் விஎல்சி, லிப்ரே ஆபீஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர்களை இன்ஸ்டால் செய்கிறார்கள். காசு கிடையாது. புரோகிராம் எழுதப்பட்ட சோர்ஸ் கோடை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். சரி, அதில் கோளாறு வந்தால் யாரைக் கேட்பது?

ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காகச் சுமார் 2.37 லட்சம் பைக்குகளைத் திரும்ப அழைத்தது. விலை கொடுத்தவர் அதை எதிர்பார்க்கலாம். ஓப்பன் சோர்ஸில் அப்படி இல்லை. ஜிபிஎல் லைசென்ஸைப் படித்துப் பாருங்கள்; எந்த உத்தரவாதமும் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். இவற்றைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். அவர்களை அதட்டி வேலை வாங்க நமக்கு உரிமை இல்லை.

அதட்டினால் நஷ்டம் நமக்குத்தான். லினக்ஸில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற, பைல்களைச் சுருக்கும் சாப்ட்வேரை ஒருவரே பல ஆண்டுகள் பராமரித்தார். தன்னால் முன்போல் முடியவில்லை என்று 2022-ல் சொன்னார். சிலர் விடாமல் நெருக்கினார்கள். உதவ வந்தவரிடம் பொறுப்பின் ஒரு பங்கு போனது. அவர் பெயரில் வெளிவந்த பதிப்பில் திருட்டு வழி ஒன்று ஒளிந்திருந்தது 2024 மார்ச்சில் தெரிந்தது. லாகின் செய்ய அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்ற இன்ஜினியர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

அதற்காக, இவர்களுக்குக் கடமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் கருத்தில் இரண்டு உண்டு. முடியாதபோது, முடியவில்லை என்று பயனாளர்களிடம் சொல்ல வேண்டும். அடுத்தவர் தொடர வழி விட வேண்டும்.

இரண்டாவதற்கு நம் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. பலருக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்யக் கற்றுக்கொடுத்த இ-கலப்பையின் ஆரம்பப் பதிப்புகள், அப்போது ஓப்பன் சோர்ஸாக இல்லாத கீமேனை நம்பி இயங்கின. 3.0 பதிப்பு ஜிபிஎல் லைசென்ஸில் வந்தது. எழுதியவர்கள் விலகினாலும் வேறு யாரும் எடுத்து நடத்தலாம். யூனிகோடில் டைப் செய்த பைல்களை வேறு சாப்ட்வேரிலும் திறக்கலாம். கலப்பை ஓய்ந்தாலும் விளைச்சல் நம்முடையதே.

எனவே எந்த இலவச சாப்ட்வேரையும் டவுன்லோட் செய்யும் முன், கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று பாருங்கள். கோளாறு கண்டால் பதிப்பு எண்ணோடு பொறுமையாகத் தெரிவியுங்கள். சரியாக வேலை செய்தால், நன்றி என்று ஒரு வரி எழுதுங்கள்.