குறியீட்டுச் சுமை சிறு விமானியின் தலையிலா?

மதுரை விமான நிலையம் பற்றி ஆரப்பாளையத்தில் பேச்சு எழுந்தால், ஓடுதள நீட்டிப்பையும் சர்வதேச அந்தஸ்தையும் தாண்டி அது நகர்வதில்லை. இரண்டும் நியாயமான கோரிக்கைகள். அவற்றோடு சேர்த்து, சிறு விமானம் ஓட்டுபவர்களுக்காக யாரும் கேட்காத இன்னொன்றையும் இப்போதே கேட்டாக வேண்டும்.

கருவித் தகுதி பெற்ற விமானி, மேகத்துக்குள் எதுவும் தெரியாத நிலையிலும் கருவிகளைப் பார்த்தே விமானத்தைச் செலுத்துவார். கிளம்பும் முன் அவர் தாக்கல் செய்யும் பறப்புத் திட்டத்தின் 10-ஆவது கட்டத்தில், விமானத்தில் உள்ள ரேடியோ, வழிகாட்டும் கருவிகள், டிரான்ஸ்பாண்டர் ஆகியவற்றை ஒற்றை எழுத்துகளாகவும் சிறு குறியீடுகளாகவும் எழுதுகிறார். ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டுதலுக்கு ‘ஜி’. அதன் பிழைகளைத் திருத்தி ஓடுதளம்வரை இறக்கிவிடும் வசதிக்கு ‘பி’. மதுரைக் கோபுரத்திலோ சென்னை மையத்திலோ இருக்கும் கட்டுப்பாட்டாளர் அந்த எழுத்துகளை நம்பித்தான் வழி கொடுக்கிறார். இருப்பதை எழுதாமல் விட்டால் சுற்றுப்பாதை கிடைக்கும். இல்லாததை எழுதினால், தன்னால் இறங்க முடியாத முறையில் இறங்க மழைமேகத்துக்குள் அனுமதி வரும். இரண்டாவது உயிரோடு விளையாடுவது.

2012 நவம்பர் 15 அன்று உலகெங்கும் இந்தக் குறியீடுகள் மாறின. அதுவரை ‘எஸ்’ என்றால் விஎச்எஃப் ரேடியோ, தரை நிலையத்திலிருந்து திசை காட்டும் விஓஆர், ஓடுதளத்தில் இறங்க வழிகாட்டும் ஐஎல்எஸ் ஆகியவற்றோடு ஏடிஎஃப் என்னும் பழைய திசைகாட்டிக் கருவியும் அடங்கும். அன்று முதல் அடங்காது. ‘எஃப்’ என்று தனியாக எழுத வேண்டும். முந்தைய நாள் எழுதியதையே எழுதிய விமானி, தன்னை அறியாமல் வேறொன்றைச் சொல்லியிருப்பார். செயல்திறன் சார்ந்த வழிகாட்டுதலுக்கான ‘ஆர்’ எழுத்தைப் போட்டால் 18-ஆவது கட்டத்தில் அதற்கான விவரக் குறியீடுகளையும் தர வேண்டும். அவை எட்டுக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்கா உள்நாட்டுப் பறப்புகளுக்கு வைத்திருந்த தனிப் படிவத்தை விட்டு, 2019 ஆகஸ்டில்தான் இந்த உலக முறைக்கு வந்தது. அதற்கு முன் அங்கே பயிற்சி முடித்துத் திரும்பிய நம் பிள்ளைகள் இங்கே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

அடுத்த மாற்றம் இதைவிடப் பெரியது. இப்போதைய படிவத்தையே 2034-இல் நிறுத்திவிட்டு, முழுக்க மின்னணுத் தகவல் பரிமாற்றத்துக்கு மாற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இலக்கு வைத்துள்ளது. பெரிய விமான நிறுவனங்களில் இதைக் கவனிக்கத் தனிப் பிரிவே உண்டு. நான்கு இருக்கை விமானம் ஓட்டுபவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஓர் எழுத்தை எழுத மூன்று நிபந்தனைகள் உள்ளன. கருவி பழுதின்றி இயங்க வேண்டும். அதைக் கையாள விமானிக்குத் தகுதி வேண்டும். தேவைப்படும் இடத்தில் அரசின் அனுமதி வேண்டும். இவற்றில் விமானிக்கு மட்டுமே தெரிந்தது, கருவி இன்று வேலை செய்கிறதா என்பதுதான். மற்றவை சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) கோப்புகளில் உள்ளவை. எனவே விமானத்தின் பதிவு எண்ணையும் உரிம எண்ணையும் கொடுத்தால், உரிய குறியீடுகளை அரசின் கணினியே நிரப்பித் தர வேண்டும். பழுதானதை விமானி நீக்கினால் போதும். இப்படிச் செய்தால் விமானிக்குப் பொறுப்பு குறைந்துவிடும் என்ற வாதத்தை ஏற்க முடியாது. குறியீட்டு அட்டவணையோடு மல்லுக்கட்டும் நேரம் கருவியைச் சோதிக்கக் கிடைக்கும்.

இதில் தமிழகத்துக்குத் தனி அக்கறை இருக்கிறது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன், ‘பி’ எழுத்து குறிக்கும் வசதிக்கு அடிப்படையாக, செயற்கைக்கோள் வழிகாட்டுதலைத் துல்லியமாக்கும் நம் சொந்த ஏற்பாடு. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் அதன் துணையோடு இறங்கியது. விலை உயர்ந்த ஐஎல்எஸ் இல்லாத சிறு ஊர்களுக்கும் இது வழி திறக்கிறது. நெய்வேலியும் வேலூரும் அந்த வரிசையில் வர வேண்டியவை.

ஆனால் தென்தமிழகம் காந்த நடுக்கோட்டை ஒட்டிய நிலம். திருநெல்வேலி அருகே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதே அதனால்தான். சூரியன் மறைந்தபின் இங்கே மேல்வளிமண்டலத்தின் அயனி அடுக்கு கொந்தளிப்பதுண்டு; அப்போது செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறும். மதுரையைச் சுற்றி நாகமலை, அழகர்மலை, சிறுமலை. மேற்கே கொடைக்கானல் மலை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் தாழ்ந்து கிடக்கும் மாலையில், ‘ஜி’ என்ற ஓர் எழுத்தை மட்டும் நம்பி எந்தச் சிறு விமானமும் இங்கே வரக் கூடாது. விஓஆர், ஐஎல்எஸ் போன்ற தரைக் கருவிகளைச் செலவு காட்டிக் குறைக்கும் யோசனை எழுந்தால், தென்மாவட்டங்களுக்கு அது பொருந்தாது என்று தமிழக அரசும் நம் எம்.பி.க்களும் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

புதிய மின்னணு முறைக்கான வரைவைத் தயாரிக்கும்போது டிஜிசிஏவும் ஆணையமும் விமான நிறுவனங்களோடு மட்டும் பேசி முடித்துவிடக் கூடாது. பயிற்சிப் பள்ளிகளையும் தனியார் விமானிகளையும் அழைக்க வேண்டும். குறியீடுகளைத் தானாக நிரப்பும் ஏற்பாட்டுக்கு 2034 வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதைய படிவத்திலேயே, மதுரையிலிருந்தே, அதைத் தொடங்கலாம்.