குசினி அலுமாரி: அழகுக்கா, ஆரோக்கியத்துக்கா?

ஜேர்மனியில் வாடகை வீடு எடுத்தால் பல இடங்களில் குசினி வெறும் சுவராகவே கிடைக்கிறது. அலுமாரி முதல் அடுப்பு வரை நாமே வாங்கிப் பூட்ட வேண்டும். சொந்த வீடு வாங்கியவர்களும் முதலில் திருத்துவது குசினியையும் குளியலறையையும்தான். கடைக்குப் போனால் கதவின் நிறம், பளபளப்பு, விலை என்று பேசி முடித்துவிடுகிறோம். எந்தப் பொருள் எந்த உயரத்தில் இருக்கப் போகிறது என்று பேசுவதில்லை. இது உடல்நலம் சம்பந்தப்பட்ட விடயம் என்பதே எமது கருத்து.

நாம் வாழும் பிராங்பேர்ட் நகரமே இதற்கு நல்ல உதாரணம். ஏர்ன்ஸ்ட் மாய் தலைமையில் நகரசபை கட்டிய குடியிருப்புகளுக்காக 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் "பிராங்பேர்ட் குசினி"யை வடிவமைத்தார். அதன் அகலம் 1.87 மீற்றர், நீளம் 3.44 மீற்றர். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. சீனி, அரிசி போன்றவற்றுக்குக் கைபிடி வைத்த அலுமினிய லாச்சிகள், மாவில் புழு பிடிக்காதிருக்க ஓக் மரப் பெட்டி, இருந்தபடியே மரக்கறி வெட்டச் சுழலும் ஆசனம் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ரோமர்ஸ்டாட் குடியிருப்பிலுள்ள ஏர்ன்ஸ்ட் மாய் இல்லத்தில் அதை இன்றும் பார்க்கலாம்.

அதற்கும் குறை உண்டு. ஒருவர் மட்டும் நின்று வேலை செய்யும் அறை அது. அதை வரைந்தபோது தமக்குச் சமைத்த அனுபவமே இருக்கவில்லை என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். எங்கள் வீடுகளிலோ அம்மம்மா, மகள், பேரப்பிள்ளை எல்லோரும் குசினியில்தான். ஆகவே, அலுமாரி தெரிவுசெய்யும்போது அதைப் பாவிப்பவர்களையே முதலில் கேளுங்கள்.

கூரை வரை உயர்ந்த அலுமாரி இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் மேல்தட்டில் உள்ளதை எடுக்கக் கதிரையில் ஏறும் வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். தினமும் எடுக்கும் பொருட்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் இருக்கட்டும். பத்துக் கிலோ அரிசி மூடைக்கும் பெரிய சட்டிகளுக்கும் கீழே, முழுதாக வெளியே இழுக்கக்கூடிய ஆழமான லாச்சி நல்லது. குனிந்து உள்ளே கைவிட்டுத் தேடும் வேலை இராது.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கழுவும் தொட்டியின் கீழ் சலவை மருந்து, அடைப்பெடுக்கும் திராவகம் வைக்கவே கூடாது. அவற்றுக்கு உயரத்தில் பூட்டுள்ள தட்டு வேண்டும். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மைன்ஸ் நச்சுத் தகவல் நிலையத்தை 06131 19240 என்ற இலக்கத்தில் எந்நேரமும் அழைக்கலாம். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 112.

குளியலறை அலுமாரியில் மாத்திரைகளை வைப்பது பலரின் வழக்கம். சூடும் ஈரமும் மருந்தைப் பழுதாக்கும். படுக்கையறையில், பிள்ளைகளுக்கு எட்டாத உலர்ந்த இடமே அதற்கு ஏற்றது. வெளிச்சுவரோடு ஒட்டி அலுமாரி வைத்தால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். சில சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். சமைத்த பின்பும் குளித்த பின்பும் யன்னலை அகலத் திறவுங்கள்.

மலிவான மரத்தூள் பலகையிலிருந்து ஃபோர்மல்டிகைட் வாயு கசியலாம். அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. ஜேர்மனியில் 2020 முதல் இதற்கான பரிசோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. "புளோவர் எங்கல்" சின்னம் உண்டா என்று கடையில் கேளுங்கள்.

இன்னொன்று: வீட்டில் பராமரிப்புத் தரம் (பிளேகெகிராட்) பெற்ற பெற்றோர் இருந்தால், அவர்களுக்கு ஏற்றபடி குசினியையோ குளியலறையையோ மாற்றப் பராமரிப்புக் காப்புறுதி 2025 ஜனவரி முதல் 4,180 யூரோ வரை உதவுகிறது. வேலை தொடங்குமுன் விண்ணப்பிப்பது அவசியம்.

பளபளக்கும் கதவு விருந்தினர் கண்ணுக்கு. சரியான உயரத்தில் உள்ள லாச்சியோ அன்றாடம் சமைப்பவரின் முதுகுக்கும் முழங்காலுக்கும். பணத்தை எதில் போடுவது என்று வாங்குமுன் குடும்பமாக இருந்து பேசுவோம்.