தொட்டி இல்லா ஊரும் குப்பை இல்லா ஊரும்

தெருமுனைக் குப்பைத்தொட்டியை எடுத்தபின் எங்கள் தெரு எத்துணை இலட்சணமாக இருக்கிறது என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் வியந்தார். அவர் வீட்டில் காலை ஒன்பது மணிக்கு வாயிலில் நிற்க ஆள் உண்டு. குப்பை வண்டி வருவதும் அந்நேரமே. ஆகவே அவருக்கு அது அழகாகத் தோன்றுகிறது. அவ்வழகை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு விடியுமுன் ஷிப்டுக்குப் போகிறவர்கள் திண்டுக்கல்லில் எத்தனை பேர்! கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் வண்டியின் மணியோசையைக் கேட்பவர் யார்? அவர்களது பை மின்கம்பத்தில் தொங்குகிறது, அல்லது வாய்க்காலில் விழுகிறது, அல்லது மாலையில் எரிகிறது. 'ஒழுக்கமற்ற சனங்கள்' என்கிறார் நண்பர்.

தமிழக நகரங்கள் பலவற்றில் தொட்டிகளை அகற்றும் வழக்கம் கடந்த பத்தாண்டுகளில் பரவியது. கொள்கையைக் குறைசொல்ல நாம் வரவில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை மூன்றாகப் பிரித்து வாயிலிலேயே கொடுக்கச் சொல்லின. அதே விதிகள் மற்றொன்றும் சொல்லின: குப்பை பொறுக்கி வாழ்வோர், மறுசுழற்சிக்கு உரியதைத் தரம்பிரிக்கப் போதுமான இடத்தை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்தித் தரவேண்டும். முன்னது சுவர்தோறும் எழுதப்பட்டிருக்கிறது. பின்னதை எந்தச் சுவரிலும் நாம் கண்டதில்லை.

தொட்டியை ஒட்டிய வேப்பமர நிழலில் மூதாட்டி ஒருவர் அட்டை, பாட்டில், பால் கவர் எனப் பிரித்துக் கட்டிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவார். தொட்டி போயிற்று, அவரது இடமும் போயிற்று. இப்போது இருட்டோடு வந்து, தொங்கும் பைகளைக் கிழிக்கிறார். ஒருநாள் நாமே அவரை அதட்டினோம். அவர் ஒன்றும் சொல்லாமல், சிதறியதைக் கையாலேயே கூட்டிவிட்டுப் போனார். இக்கட்டுரை எழுத நேர்ந்தது அதனாலேயே.

படித்த அன்பர்கள் உடனே ஜப்பானைக் காட்டுவார்கள். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தபின் அங்கே பொதுவிடத் தொட்டிகள் பல அகற்றப்பட்டன என்பது மெய். ஆனால் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் குப்பை வைக்கக் குறித்த இடமும், எந்தக் கிழமை எதை வைப்பது என்ற முறையும் அங்கே உண்டு என்பதை ஏன் மறைக்கவேண்டும்? தொட்டியை எடுத்தவர்கள் இடத்தை எடுக்கவில்லை.

நமக்கும் இது புதிதன்று. பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். உப்பும் நெல்லும் குவிந்தாலும் குப்பைதான். இழிபொருள் பிற்பாடு ஏறியது. நமது சமவெளிக் கிராமங்களில் இன்றும் வயலுக்கு எரு கொண்டுபோவதைக் 'குப்பை அடிப்பது' என்றுதானே சொல்கிறார்கள்? வீட்டுக்கு ஓர் எருக்குழி இருந்தது. போட்டது எங்கே இருக்கிறது என்று போட்டவனுக்குத் தெரியும். இன்று நாம் போட்டது எங்கே போகிறது என்று கேளுங்கள். கோவை வெள்ளலூரில் குவித்தது 2024 ஏப்ரலில் நாட்கணக்கில் எரிந்தது. ஊர் எல்லைக்குத் தள்ளிவிட்டால் அது ஒழிந்தது என்று பொருளா?

உண்மையைச் சொன்னால், வண்டியைத் தவறவிட்ட நாட்களில் நாமும் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கல்லூரித் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் பாடம் நடத்தப் போகிறோம்.

மாலையிலும் ஒருமுறை வண்டி வரட்டும். வார்டுக்கு ஒரு தரம்பிரிப்புக் கொட்டகை அமையட்டும். அதன் சாவி அம்மூதாட்டி போன்றோரிடம் இருக்கட்டும். பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், ஒரு கொட்டகைக்குப் பூட்டும் சாவியுமா கிடைக்காது?