பெயரும் ஒரு பங்கே



நம் பிள்ளைகள் கைப்பேசியில் பேருந்து ஓட்டி விளையாடுவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். இந்தோனேஷியாவின் மலேயோ நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா' அத்தகைய விளையாட்டுகளுள் ஒன்று. விளையாடுவோர் தாமே வண்டியின் உருவைச் செய்து சேர்த்துக்கொள்ள அது இடந்தருகிறது. ஆதலால் தமிழக அரசுப் பேருந்துகளும் கேரளத்துச் சுற்றுலாப் பேருந்துகளும் அதில் ஓடுகின்றன. இவற்றைச் செய்து பிறருக்கு வழங்குவோரில் பலர் ஊதியம் எதிர்பாராத இளைஞர்களே.

ஒரு பேருந்தின் உருவைக் கணினியில் அமைப்பது எளிய வேலையன்று. ஒருவர் கூடு அமைப்பார். மற்றொருவர் வண்ணம் தீட்டுவார். வேறொருவர் ஹாரன் ஓசையைச் சேர்ப்பார். இன்னொருவர் அனைத்தையும் விளையாட்டுக்கு ஏற்றவாறு மாற்றித் தருவார். பூசல் தொடங்குவது இதற்குப் பிறகுதான். யாரோ ஒருவர் அதை எடுத்து, நிறத்தைச் சற்றே மாற்றி, செய்தவர் பெயரை நீக்கித் தம் பெயரால் வெளியிடுகிறார். கேட்டால், "இலவசமாகக் கொடுத்ததுதானே!" என்கிறார். மனம் கசந்தவர் அடுத்த முறை கோப்பைப் பூட்டி வைக்கிறார், அல்லது கொடுப்பதையே நிறுத்திவிடுகிறார். இழப்பு எல்லாருக்கும்.

இதைச் சிறுவர் சண்டை என்று தள்ளிவிடலாகாது. நம் வீடுகளில் 'டிரேட்', 'பிசினஸ்' என்ற பெயர்களில் ஆடப்படும் பலகை விளையாட்டுக்கு மூலமான 'மொனாப்பலி'யின் வரலாற்றைப் பாருங்கள். நிலம் சிலர் கையில் குவிவதன் தீமையை விளக்க, எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி ஒரு விளையாட்டை அமைத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். மக்கள் அதைக் கையால் வரைந்து, தத்தம் ஊர்த் தெருப்பெயர்களை இட்டு, நண்பர்களுக்குக் கொடுத்து ஆடினர். அட்லாண்டிக் நகரில் உருவான ஒரு பலகையைப் பார்த்துக் கற்ற சார்லஸ் டேரோ, 1935-இல் அதைத் தம் படைப்பாகவே பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அவருக்குச் செல்வமும் புகழும் கிட்டின. மேகிக்கோ காப்புரிமைக்காக 500 டாலர் மட்டுமே கிடைத்தது. 1948-இல் அவர் மறைந்தபோது உலகம் அவரை அறியவில்லை. 1970-களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்னும் பொருளியல் பேராசிரியர் அந்நிறுவனத்தோடு வழக்காடியபோதே உண்மை வெளிப்பட்டது. இதில் ஒரு வியப்பு உண்டு. நண்பர் பலகையில் 'மார்வென்' என்ற இடப்பெயர் 'மார்வின்' எனப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. டேரோ அப்பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்; விற்பனைக்கு வந்த பலகையிலும் அது அப்படியே அச்சாயிற்று. மறைத்த மூலத்தை அந்த ஓர் எழுத்தே காட்டிக்கொடுத்தது!

நீதி எதுவென அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்கால் கடற்கரையில் கருக்களாச்சேரி போன்ற மீனவர் ஊர்களில் பங்கு முறையை யாவரும் அறிவர். படகு கரை திரும்பியதும், மீன் விற்ற பணத்தில் எரிபொருள் முதலிய செலவைக் கழித்து, மிகுந்ததைப் பங்கிடுகின்றனர். தொழிலுக்குச் சென்ற ஆட்களுக்குப் பங்கு உண்டு. படகுக்கும் வலைக்கும் கூடப் பங்கு உண்டு. இலவசமாக வழங்கப்படும் படைப்பில் பங்கிடப் பணம் இல்லை; பெயர் ஒன்றே உண்டு. அதையும் பறித்துவிட்டால் உழைத்தவனுக்கு எஞ்சுவது என்ன?

எனினும் மற்றொரு பக்கமும் இருக்கிறது. "என் படைப்பைத் திருடிவிட்டான்" என்று முறையிடுபவரே சக்கரத்தை ஒருவரிடமும் இருக்கையை வேறொருவரிடமும் பெற்றிருக்கக் கூடும். பேருந்தின் உண்மையான வடிவமோ எங்கோ ஒரு பட்டறையில் கூடு கட்டிய தொழிலாளரின் கைத்திறன். ஆகவே தமக்குப் பெயர் கேட்பவர், தாம் கடன்பட்டவர்களின் பெயரையும் கூறக் கடமைப்பட்டவர்.

இதற்கு நல்ல நெறி ஏற்கெனவே உண்டு. 2002 முதல் வழங்கிவரும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்களில் ஒன்று, யாரும் எடுத்தாளலாம் என அனுமதித்து, மூல ஆசிரியரின் பெயரைக் குறிக்க வேண்டும், செய்த மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கேட்பது இரண்டு வரிகள்தாம்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ தாம் செய்த வண்டியைப் பெருமையுடன் காட்டும்போது, பாராட்டுங்கள். பாராட்டிய கையோடு, "இதில் வேறு யாருடைய உழைப்பு இருக்கிறது? அவர்கள் பெயரை எழுதினாயா?" என்றும் கேளுங்கள். இளைஞர்களே, உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் ஊரறியத் தூற்றுமுன், எடுத்தவருக்குத் தனியே ஒரு சொல் எழுதுங்கள். அறியாமல் விட்டவர் திருத்திக்கொள்வார். அறிந்தே விட்டவருக்கும் திருந்த ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.