முத்தநாதனும் முகமற்றவனும்

வீடியோ விளையாட்டில் கதை ஏது என்று உதகைக் கூட்டமொன்றில் இலக்கிய அன்பர்கள் சிலர் நகைத்தனர். அதே மேடையில்தான் மெய்ப்பொருள் நாயனார் புராணமும் பேசப்பட்டது! முத்தநாதன் திருநீறு பூசி, புத்தகக் கவளிகைக்குள் ஆயுதத்தை மறைத்து, வாயில் வாயிலாகக் கடந்து செல்கிறான். தத்தன் ஒருவனே தயங்கித் தடுக்கிறான். கொலையைவிட, வேடத்துக்குக் கிடைக்கும் அந்த மரியாதையன்றோ நம்மை நடுங்க வைக்கிறது?

டென்மார்க்கின் ஐஓ இன்டர்ஆக்டிவ் 2000 முதல் உருவாக்கிவரும் ஹிட்மேன் தொடரின் உயிரும் இதுவே. 2018இல் வந்த ஹிட்மேன் 2இன் மும்பை அத்தியாயத்தில் கொல்லப்பட வேண்டிய மூவருள் ஒருவனுடைய முகம் யாருக்கும் தெரியாது. சேரியெங்கும் சிதறிக் கிடக்கும் துப்புகளைப் பொறுக்கியே அவனை அடையாளம் காண வேண்டும். கதையின் பெரும்பகுதி ஒட்டுக்கேட்கும் உரையாடல்களில் இருக்கிறது. ஓடிச் சுடுகிறவனுக்கு அது கிட்டாது.

மும்பையைச் சேரியும் சினிமாவுமாகவே பார்க்கும் மேற்கத்தியக் கண் இதிலும் உண்டுதான். 2002இன் சைலன்ட் அசாசின் சீக்கியரின் கண்டனத்துக்கு ஆளானது நியாயமே. ஆனால் கண்டிப்பதற்கும் கதையை அறிந்திருக்க வேண்டுமே.

தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வரும் நம் மாணவர்கள் அறிந்திருக்கிறார்கள். துரையின் உடுப்புக்கு ஒரு பார்வை, கொழுந்துக் கூடைக்கு ஒரு பார்வை என்பதை அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. முத்தநாதனை இவ்வழியே அவர்களிடம் சேர்ப்பிக்கத் தமிழாசிரியர்களுக்கு ஏன் இத்தனை கூச்சம்?