எந்தப் பள்ளியில் போடுவது?

"அக்கா, நீங்க ரேடியோவுல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா? எந்தப் பள்ளி நல்ல பள்ளின்னு சொல்லுங்க."

போனில் கேட்டவள் என் சித்தி மகள். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறாள். மூத்த பெண் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். காலையில் வானொலியில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்பது என் சொந்தக்காரர்களின் நம்பிக்கை. எந்தச் சாலையில் நெரிசல் என்று கேட்டால் சொல்வேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

முன்பு ஒப்பிட ஓர் அளவுகோல் இருந்தது. யூபிஎஸ்ஆர் முடிவு வந்ததும் 7ஏ எடுத்த பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வரும், பள்ளி வாசலில் பதாகை தொங்கும். 2016இல் அதுவே 8ஏ ஆனது. 2020இல் கோவிட்டால் தேர்வு நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் கல்வி அமைச்சு தேர்வையே எடுத்துவிட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளை 1 முதல் 6 வரை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியர் சொல்வார். ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு வைத்துப் பார்க்க அது உதவாது. ஆகவே பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வதே இப்போது அளவுகோல்.

போனது நல்லதா கெட்டதா என்று கேட்டால், அந்தப் பழைய அளவுகோலிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. நான் படித்தது தோட்டப் பள்ளி. ஆறாம் ஆண்டில் நாங்கள் ஒன்பது பேர். தேர்வு அன்று ஒருவனுக்குக் காய்ச்சல், ஒரு பாடத்தில் தவறிவிட்டான். ஒன்பதில் ஒன்று என்றால் 11 விழுக்காடு. பள்ளியின் தேர்ச்சி அந்த ஒருவனால் சரிந்தது. நூறு பேர் எழுதும் பள்ளியில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்கும் தெரியாது. எங்கள் பள்ளி "மோசமாகிவிட்டது" என்று தோட்டத்தில் பேச்சு. மறு ஆண்டு மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு போயின. பாடம் சொல்லிக் கொடுத்த டீச்சர் அதே டீச்சர்தான்.

கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களைப் பாருங்கள்: கோல்ஃபீல்ட்ஸ், ரிவர்சைட், ஹோப்புல். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பெயர்கள். பத்து பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பால்மரம் வெட்டுகிறவர் எங்கே இருந்தாரோ அங்கே பள்ளி வந்தது. பிறகு பால்மரம் போய் செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர், நம் ஆட்கள் தாமானுக்கு நகர்ந்தார்கள். பல பள்ளிகள் செம்பனைக்குள்ளேயே நின்றுவிட்டன. நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் 150 மாணவருக்குக் குறைந்தவை. "மாணவர் குறைந்த பள்ளி" என்று அரசாங்கத்தில் அதற்குத் தனி வகை உண்டு.

ஒரு நாள் லீவு போட்டுத் தங்கச்சியோடு இரண்டு பள்ளிகளுக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

முதலாவது டவுன் பள்ளி. ஒரு வகுப்பில் முப்பதுக்கும் மேல். அலுவலகத்து அலமாரி நிறைய கோப்பைகள், ரோபோட்டிக்ஸ் போட்டிக்கே நாலைந்து. தங்கச்சி முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைகள் வாசித்துக் கேட்கலாமா என்றேன். கதை சொல்லும் போட்டிகளுக்கு நீதிபதியாகப் போய்ப் பழகிய காது எனக்கு. ஒரு சிறுமியை முன்னால் அழைத்தார்கள். மணிமணியாக வாசித்தாள், நாளைக்கே ஸ்டூடியோவில் உட்கார வைக்கலாம். பின் வரிசையில் இருந்த ஒரு பையனைக் காட்டி, இவர் வாசிக்கட்டுமே என்றேன். அவன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் கொஞ்சம் ஸ்லோ" என்றார் டீச்சர். அவரைக் குறை சொல்லவில்லை. முப்பது பேரை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

இரண்டாவது, செம்மண் பாதையில் போய்ச் சேர வேண்டிய பள்ளி. மொத்தம் முப்பது பேர்கூட இல்லை. முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே அறையில். ஒரு பக்கம் நாலு பேர் வண்ணம் தீட்ட, மறுபக்கம் டீச்சர் வாய்பாடு நடத்திக்கொண்டிருந்தார். நாலு பேரையும் வாசிக்கச் சொன்னேன். யாரும் மணிமணியாக வாசிக்கவில்லை. ஆனால் நாலு பேரும் வாசித்தார்கள். ஒருவன் தடுமாறியபோது டீச்சர் மெதுவாக, "இவனுக்கு ணகரமும் னகரமும்தான் இன்னும் குழப்பம். தீபாவளிக்குள்ள சரியாயிடும்" என்றார். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று தெரிந்த டீச்சர்.

இதோடு கட்டுரையை முடித்தால் சிறிய பள்ளிக்கு விளம்பரம் செய்தவளாகிவிடுவேன். அந்த நாலு பேரும் பையன்கள். தங்கச்சி மகள் சேர்ந்தால் அவள் ஒருத்தியே பெண், ஆறு வருடத்துக்கு. பந்து விளையாட ஓர் அணி சேராது. இடைநிலைப் பள்ளியில் எல்லாம் மலாய்மொழியில், ஒரு வகுப்பில் முப்பது நாற்பது பேர். அங்கே போய் முதல் நாள் மிரளுவாள். நான் மிரண்டிருக்கிறேன். கழிப்பறைக்கு வழி கேட்க மலாய் வராமல் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகவே மலாய் யார் சொல்லிக்கொடுக்கிறார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று இரண்டு பள்ளியிலும் கேட்டேன். டவுன் பள்ளியில் பதில் உடனே வந்தது, நல்ல பதில். தோட்டத்தில், இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் வர வேண்டும் என்றார்கள்.

தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றப் பிள்ளையை அனுப்புங்கள் என்று மேடையில் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் சிலரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், போகட்டும். ஆறு வயதுப் பிள்ளையின் தோளில் அந்தச் சுமையை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிளம்பும்போது தலைமையாசிரியர் கார் வரைக்கும் வந்தார். "உங்க பொண்ணு வந்தா அஞ்சு பேரும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பெரிய சாலை ஏறும் வரை தங்கச்சி பேசவே இல்லை. அப்புறம், "அந்தப் பின் வரிசைப் பையன் பேரு என்னக்கா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. கேட்காமல் வந்துவிட்டோம்.

நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். தோட்டத்துக்குப் போகிற வேன்காரர் காலை ஆறு மணிக்கே வீட்டு வாசலுக்கு வருவாராம். மலாய் டீச்சர் வந்தாச்சா என்று அடுத்த வாரம் போய்ப் பார்க்கப் போகிறாளாம், இந்தத் தடவை மகளையும் கூட்டிக்கொண்டு.